முழுசாகப் பார்ப்பதா, அரை மணி நேரம் போதுமா, பார்க்கவே வேண்டாமா?

அலமாரியில் 180 படங்கள். முக்கால்வாசி டிவிடி, மிச்சம் ப்ளூரே. பாதியாவது குறைய வேண்டும். எல்லாவற்றையும் திரும்பப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்று உட்கார்ந்தால், படத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் 360 மணி நேரம் ஆகிறது. வாரம் மூன்று படம் பார்த்தாலும் 60 வாரம். அதனால் குறுக்குவழிகளையும் முயன்று பார்த்தேன்.

முதலில், பார்க்காமலே தீர்ப்பு. அட்டையை எடுப்பது, நினைவுக்கு வருவதை வைத்து 'இருக்கட்டும்' அல்லது 'போகட்டும்' என்று பிரிப்பது. ஒரே மாலையில் முடிந்துவிட்டது. போகட்டும் என்று ஒதுக்கியவற்றில் பெரிய தப்பு நடக்கவில்லை. இரண்டு முறை பாதியில் நிறுத்திய படம், பரிசாக வந்ததால் மட்டும் தங்கியிருந்த படம், தள்ளுபடியில் ஒட்டிக்கொண்டு வந்த படம் என்று 40 தேறின. கோளாறெல்லாம் இன்னொரு பக்கம்தான். ரயிலில் பெட்டியை மறந்துவிட்டு இறங்கும் ஒருவரின் முகம், அந்த ஒரு காட்சிக்காக ஒரு படத்தைப் பல வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். திரும்பப் போட்டால் அது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதற்கு முன்னும் பின்னும் கொட்டாவி. கழிப்பதற்கு நினைவை நம்பலாம், வைத்துக்கொள்வதற்கு நம்பக் கூடாது.

அடுத்தது அரை மணி நேரச் சோதனை. நகைச்சுவைக்கும் சண்டைப் படத்துக்கும் இது சரியாகவே வேலை செய்கிறது. முதல் அரை மணியில் சிரிப்பு வராத படம் அப்புறம் திடீரென்று சிரிக்க வைப்பது அபூர்வம். ஆனால் மெதுவாகப் பற்றிக்கொள்ளும் படங்களுக்கு இது அநியாயம். அவை கேட்பதே பொறுமையைத்தான். நாமோ கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வழியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அரை மணி பார்த்தால் படத்தைப் பற்றி ஏதோ தெரியும், வட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பழைய இசைத்தட்டு ஓரத்திலிருந்து உள்ளே ஓடும். டிவிடி நேர்மாறாக நடுவிலிருந்து ஓரத்துக்கு. 4.7 ஜிபி கொள்ளும் ஒற்றை அடுக்கு வட்டில் படத்தின் கடைசிப் பகுதிகள்தான் விளிம்புப் பக்கம் போகும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் பெரும்பாலும் லேசர் ஓரம்வரை போய், அடுத்த அடுக்குக்குத் தாவி, திரும்ப நடுவை நோக்கி வருகிறது. படத்தின் நடுவே ஒரு நொடி உறைந்து நிற்குமே, அந்தத் தாவல்தான் அது. விரல் ரேகை படுவதும், உள்ளிருக்கும் அலுமினியப் படலம் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிப்பதும் பல சமயம் ஓரத்தில்தான். ஆக, முதல் அரை மணி நேரம் ஓடுவது வட்டின் பத்திரமான பகுதியில். அதைப் பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று உள்ளே வைத்த மூன்று வட்டுகள், பின்னால் முழுசாகப் போட்டபோது நடுவிலோ கடைசியிலோ கட்டம் கட்டமாகச் சிதறின.

வட்டை மட்டும் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு: கணினியில் போட்டு மொத்தத்தையும் நகலெடுக்கச் சொல்வது. அரை மணிக்குள் விளிம்புவரை படித்துவிடும். படிக்க முடியாத இடத்தில் திணறும். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும் உதவும். ஊசி முனை அளவில் வெளிச்சம் கசிந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

மூன்றாவது வழி, முழுசாக உட்கார்ந்து பார்ப்பது. இதற்கு ஈடு இல்லைதான், ஆனால் 180 படத்துக்கும் செய்தால் வேலை கடமையாகிவிடும். கடமைக்குப் பார்த்தால் எந்தப் படமும் பிடிக்காது. முதல் வாரம் நாளுக்கு ஒன்றாகப் பார்த்தேன். ஐந்தாவது நாள் பார்த்த படத்தைக் கழித்துக்கட்டிவிட்டு, இரண்டு மாதம் கழித்து மனசு கேட்காமல் திரும்பப் போட்டேன். அருமையான படம். அன்றைக்குத் தூக்கம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து முழுப் பார்வை சந்தேகத்தில் நிற்கும் படங்களுக்கு மட்டும், வாரத்துக்கு இரண்டே இரண்டு.

'அதுதான் ஓடிடியில் இருக்கிறதே' என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உரிமம் முடிந்தால் அங்கிருந்து போய்விடும் என்பது எல்லோரும் அறிந்தது. நான் கவனித்தது வேறு. பழைய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) கொண்ட படம் 25 ஆக ஓடும். இரண்டு மணி நேரப் படம் ஐந்து நிமிடம் முன்னாடியே முடிந்துவிடும். குரலும் பல வட்டுகளில் லேசாகக் கீச்சென்றிருக்கும். அந்த வகையில் ஓடிடிப் பதிப்புதான் சரி. ஆனால் இயக்குநர் பேசிக்கொண்டே வரும் தனி ஒலித்தடம், வெட்டிய காட்சிகள் இதெல்லாம் அங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவே வட்டில் அப்படி ஏதும் இல்லை, படமும் நினைத்தபோது கிடைக்கிறது என்றால் கொடுத்துவிடுகிறேன். ப்ளூரேயை மட்டும் அவ்வளவு சுலபமாகக் கொடுப்பதில்லை. இருட்டுக் காட்சிகளில் ஓடிடி படம் திட்டுத் திட்டாகத் தெரிவதை ஒரு முறை கவனித்துவிட்டால் கண் அதையேதான் தேடும்.

இப்போது 104 மிச்சம். அதில் ஒன்று சரியாக 58-வது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, எங்கேயும் மாற்றுப் பதிப்பும் கிடைக்கவில்லை. ஒரு பிளேயர் திணறும் வட்டை இன்னொன்று படித்துவிடுவது உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் பழைய பிளேயர் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.