உறைந்த பெர்ரி பாக்கெட்: தின்ன வேண்டாம், சாஸ் காய்ச்சுங்கள்

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 500 கிராம் உறைந்த கலவை பெர்ரி பாக்கெட் அப்படியே எடுத்துத் தின்பதற்கு லாயக்கில்லை. கேக்கின் மேல் அலங்காரமாக அடுக்கவும் ஆகாது. பத்து நிமிடத்தில் தொய்ந்து, கிரீம் முழுவதும் ஊதாச் சாறாக வழிந்துவிடும். ஆனால் வீட்டில் எளிமையாக ஒரு பழ சாஸ் காய்ச்ச வேண்டும் என்றால், புதிதாகப் பறித்த பழத்தை விட இதைத்தான் நான் எடுப்பேன். அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. அட்டையில் அச்சிட்ட செய்முறையைப் படிக்காமல் இருப்பது அவற்றில் முதலாவது.

அட்டைப் படத்திலிருந்து தொடங்குகிறேன். அதில் பாதி இடத்தை ராஸ்பெர்ரி பிடித்துக்கொண்டிருக்கிறது, பனித்துளியோடு, பளபளவென்று. உள்ளே இருப்பது வேறு கதை. ஒரு பாக்கெட்டைத் தட்டில் கொட்டி வகை வகையாகப் பிரித்து எடை போட்டேன். ஸ்ட்ராபெர்ரி 230 கிராம், புளூபெர்ரி 130, பிளாக்பெர்ரி 90, ராஸ்பெர்ரி வெறும் 50. நிறுவனம் பொய் சொல்லிவிட்டது என்று சண்டைக்குப் போகவும் முடியாது. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலும் வர வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் உணவுக் குறிப்பு முறை. பின்பக்கம் பொடி எழுத்தில் ஸ்ட்ராபெர்ரி முதலில், ராஸ்பெர்ரி கடைசியில் என்று ஒழுங்காகவே போட்டிருக்கிறார்கள். ஆக, படத்தைப் பார்த்து வாங்கியவர் ஏமாறுவார், பட்டியலைப் படித்து வாங்கியவர் தப்பிப்பார். கலவை பெர்ரி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது சத்தம். பாக்கெட்டைக் குலுக்கினால் கூழாங்கல் போலக் கலகலவென்று உருள வேண்டும். இந்த வகைப் பழங்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே, கடுங்குளிர் காற்றில் விரைவாக உறைய வைக்கிறார்கள். அதனால் ஒன்றோடொன்று ஒட்டாது. குலுக்கும்போது ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டிய சரக்கு அது. என்னுடைய பாக்கெட்டுகள் உருண்டன. மூலையில் கொஞ்சம் பனித்தூள் இருந்தது, பெரிய குற்றமில்லை. ஸ்ட்ராபெர்ரியில் ஆங்காங்கே பச்சைக் காம்பிலை ஒட்டிக்கொண்டிருந்ததுதான் எரிச்சல். 'கழுவிக் காம்பு நீக்கியது, உடனே பயன்படுத்தலாம்' என்று அட்டையில் எழுதிவிட்டு, காம்பு நீக்கும் வேலையை நம்மிடமே விட்டிருக்கிறார்கள்.

உறைந்த பழம் சாஸுக்கு ஏன் மேல் என்பதற்குக் காரணம் மிக எளிது. உறையும்போது பழத்தினுள் இருக்கும் நீர் பனிப்படிகமாகிறது. அந்தப் படிகங்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. அதனால்தான் உருகியதும் பழம் கொழகொழவென்று ஆகிறது. தின்ன நினைப்பவருக்கு அது கேடு, காய்ச்ச நினைப்பவருக்கு அது பாதி வேலை முடிந்த மாதிரி. புதிய புளூபெர்ரியைப் பாத்திரத்தில் போட்டால் தோல் வெடித்துச் சாறு விடும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் தண்ணீர் ஊற்றத் தோன்றும். உறைந்தது சூடு பட்டதும் தானாகவே சாறு விடுகிறது.

இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய நிறுவனமே அட்டையில் 'அரை கப் தண்ணீர் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்க விடவும்' என்று எழுதியிருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்படிச் செய்தால் கிடைப்பது சாஸ் அல்ல, பழம் மிதக்கும் சர்க்கரைத் தண்ணீர். அதைக் கெட்டிப்படுத்த இரண்டு கரண்டி கார்ன்ஃப்ளார் போடச் சொல்கிறது அடுத்த வரி. ஊற்றிய தண்ணீரை மாவு போட்டுக் கட்டுவானேன்? தண்ணீரே ஊற்றாமல் இருந்தால் போயிற்று.

நான் செய்கிற விதம் இது. அடி கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் 300 கிராம் பழத்தை உறைந்தபடியே கொட்டி, 45 கிராம் சர்க்கரையைத் தூவி, சிட்டிகை உப்புப் போட்டு, அடுப்பை மிதமாக எரிய விடுவேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது, பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்ப்பதைத் தவிர. பிறகு அடியில் ரத்தச் சிவப்பில் ஒரு வளையம் கட்டும். சர்க்கரை அதில் நனைந்து கரையும். அந்த நேரத்தில் ஒரு முறை கிளறினால் போதும். ஐந்தாறு நிமிடத்தில் பழம் முழுவதும் தன் சாற்றிலேயே முங்கிவிடும். இதற்குப் பிறகுதான் கவனம் வேண்டும். முதலில் வரும் நுரை இளஞ்சிவப்பாக, பொங்கிப் பொங்கி ஏறும். குமிழ்கள் சிறியவை, பரபரவென்று உடைபவை. நீர் வற்ற வற்ற நுரை அடங்கி, குமிழ்கள் பெரிதாகிப் பளபளப்பாகும், உடைய நேரமெடுக்கும். அந்த மாற்றம் தெரிந்ததும் கரண்டியின் பின்பக்கத்தில் சாஸைத் தோய்த்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இரு கரையும் ஒன்று சேராமல் ஓரிரு நொடி நின்றால் இறக்கிவிடலாம். பாத்திரத்தில் இருக்கும்போது 'இன்னும் கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே' என்று தோன்றும். தோன்றட்டும். ஆறும்போது இன்னும் ஒரு படி கெட்டியாகும்.

இங்கே ஜாமையும் சாஸையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஜாம் உறைவதற்குப் பழத்தில் உள்ள பெக்டின் என்ற கெட்டிப்படுத்தும் சத்து, போதிய புளிப்பு, இவற்றோடு மொத்தத்தில் சுமார் 60 முதல் 65 சதவீதம் வரை சர்க்கரையும் வேண்டும். நாம் போடும் சர்க்கரை அந்தப் பக்கமே போகாது. ஆகவே கரண்டியிலிருந்து வழிவதுதான் இதன் இலக்கணம்; கம்பிப் பதத்துக்காகக் காத்திருந்தால் பழ வாசனை ஆவியாகிப் போய், வேகவைத்த சர்க்கரையின் வாசனைதான் மிஞ்சும்.

அவசரத்துக்குக் கார்ன்ஃப்ளார் போடுவதை நான் பாவம் என்று சொல்லவில்லை. போடுவதானால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் சாஸில் ஊற்றி, கலங்கல் நிறம் போய்த் தெளிந்ததும் இறக்கிவிட வேண்டும். விடாமல் கொதிக்க வைத்தால், பழத்தின் அமிலம் மாவுச்சத்தைச் சிதைத்து, கெட்டியான சாஸ் மறுபடி இளகிவிடும். மாவு போட்ட சாஸை ஃப்ரீசரில் வைப்பதும் வீண். உருகும்போது தண்ணீர் தனியே பிரிந்து நிற்கும்.

எலுமிச்சைச் சாறு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இனிப்பை அடக்க ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் அது செய்யும் பெரிய வேலை நிறத்தில். பெர்ரிகளுக்குச் சிவப்பும் நீலமும் தருகிற ஆந்தோசயனின் என்ற நிறமி, அமிலம் கூடினால் சிவக்கும், குறைந்தால் நீலம் பாயும். புளூபெர்ரி அதிகம் விழுந்த கொதியில் சாஸ் கறுத்த ஊதாவாக, மை கொட்டியதைப் போல இருக்கும். அடுப்பை அணைத்ததும் எலுமிச்சையைப் பிழிந்து ஒரு சுற்றுக் கலக்கினால், கரண்டி போன தடத்திலேயே கருஞ்சிவப்பு எழும்பி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். முதலிலேயே பிழிந்தால் நிறம் வரும், எலுமிச்சையின் மணம் கொதியில் போய்விடும். இவ்வளவு புளிப்பு இருப்பதால்தான் பூச்சில்லாத அலுமினியப் பாத்திரத்திலும் இரும்புச் சட்டியிலும் இதைக் காய்ச்சக் கூடாது. நிறமும் மங்கும், நாக்கில் உலோகச் சுவையும் தட்டும்.

இனி என் உண்மையான குறை. இந்தக் கலவையில் ஸ்ட்ராபெர்ரி ஏன் இவ்வளவு? மலிவாகக் கிடைப்பதால் அள்ளிப் போடுகிறார்கள் என்பது என் ஊகம். காய்ச்சினால் அதன் நிறம் கரைந்து வெளியேறி, துண்டு வெளிறி, நீர் குடித்த பஞ்சாக மிதக்கிறது. வாசனையிலும் முதலில் விடைபெறுவது அதுதான். புளூபெர்ரியின் நிறம் மூடி மறைக்கிறது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாயில் வைத்தால் தெரிந்துவிடுகிறது. பாதி வெந்ததும் ஸ்ட்ராபெர்ரியை மட்டும் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசித்துவிடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

பிளாக்பெர்ரியின் தொல்லை வேறு மாதிரி. ராஸ்பெர்ரியைப் பறிக்கும்போது நடுத்தண்டு செடியிலேயே நின்றுவிடும், அதனால் பழம் உள்ளே குழிவாக வரும். பிளாக்பெர்ரியில் அந்த வெளிறிய நடுப்பகுதி பழத்தோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. எவ்வளவு வெந்தாலும் அது முழுதாகக் கரைவதில்லை. போதாக்குறைக்கு இரண்டிலும் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு விதை. தயிரின் மேல் ஊற்றிச் சாப்பிடும்போது பல்லிடுக்கில் நறநறவென்று மாட்டினால் சிலர் ரசிப்பார்கள், எனக்கு ஆகாது. சூடு ஆறுவதற்குள் கண் நெருக்கமான கம்பி வடிகட்டியில் கொட்டி, குழிக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கிவிடுவேன். வடிகட்டியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை வழிக்க மறக்காதீர்கள், கெட்டியான கூழ் அங்கேதான் தங்கும். பிரெஞ்சு சமையல் கலைஞர் ஓகுஸ்த் எஸ்கோஃபியே பாடகி நெல்லி மெல்பாவின் பெயரில் உருவாக்கிய பீச் மெல்பா என்ற இனிப்பில் பீச் பழத்தின் மேலும் ஐஸ்கிரீமின் மேலும் விழுகிற ராஸ்பெர்ரிக் கூழ் இப்படி வடித்ததுதான். அந்த வழுவழுப்பு வேண்டுமானால் தேய்த்துத்தான் ஆக வேண்டும். மிக்ஸியில் அடித்துவிட்டு வடிகட்டலாம் என்று நினைத்தால், விதை உடைந்து கசப்பும் பொடியும் சாஸில் கலக்கும்.

காய்ச்சுவதற்கு வலுவான இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2013-இல் ஐரோப்பாவின் பல நாடுகளில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் தொற்று பரவியபோது, உறைந்த கலவை பெர்ரிகளே காரணம் என்று விசாரணைகள் சுட்டின. அந்த வைரஸை உறைநிலை கொல்லாது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான உறைந்த பெர்ரிகளை ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்த பிறகே உண்ணுமாறு அறிவுறுத்தியது. நம் சாஸ் அதைவிடப் பல மடங்கு நேரம் கொதிக்கிறது. பச்சையாகவே ஸ்மூத்தியில் அடிப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம். என் பாக்கெட்டில் 'சமைத்து உண்ணவும்' என்ற வரி இருக்கிறது, ஆனால் தேடிக் கண்டுபிடிக்கும் அளவில்.

பாக்கெட்டின் ஜிப் படுமோசம். இரண்டாம் முறை திறக்கும்போதே ஒரு முனை பிளந்துவிட்டது. காற்று புகுந்தால் பழம் காய்ந்து வெண்பனி பூத்துவிடும் என்பதால், வாங்கிய அன்றே மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடுவது உத்தமம். காய்ச்சிய சாஸ் சுத்தமான கண்ணாடிப் புட்டியில், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சர்க்கரை குறைவு என்பதால் ஜாமைப் போல அலமாரியில் வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால் சாஸுக்கு ஐந்தில் மூன்றரை, மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்றரை. இதே நிறுவனம் புளூபெர்ரியையும் ராஸ்பெர்ரியையும் தனித்தனி பாக்கெட்டாகவும் விற்கிறது. ஃப்ரீசரில் இடம் இருப்பவர்கள் அவற்றை வாங்கி, இரண்டு பங்கு புளூபெர்ரிக்கு ஒரு பங்கு ராஸ்பெர்ரி என்று கலந்து காய்ச்சிப் பாருங்கள். கெட்டியும் நிறமும் முன்னதிலிருந்து வருகின்றன, புளிப்பும் வாசனையும் பின்னதிலிருந்து. பஞ்சு மிதப்பதில்லை, வெள்ளைத் தண்டும் இல்லை. கையில் இருக்கும் கலவை தீர்ந்ததும் நான் அதற்குத்தான் மாறப் போகிறேன்.