சதுப்பு ஓரத்துச் சரளைக் குவாரிக்கு நீர் மேலாண்மைச் சேவை: எது நன்றாக இருந்தது, எது உதைத்தது

எங்கள் குவாரியின் ஒரு பக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. பம்ப், கழுவு தண்ணீர், கலங்கல் தெளிய விடும் படிவுக் குட்டை, வெளியேறும் வாய்க்கால் என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் பொறுப்பு. திட்டம் போட்டுக் கொடுத்து, தொடர்ந்து கண்காணிக்கவும் செய்கிற ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அவர்களோடு ஓடியிருக்கிறது. இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வந்தவுடன் அவர்கள் கேட்ட கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. பொதுவாக எல்லோரும் வாய்க்காலில் கலங்கல் எவ்வளவு என்றுதான் ஆரம்பிப்பார்கள். இவர்கள், "குழியிலிருந்து எவ்வளவு இறைக்கிறீர்கள்? சதுப்பில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது?" என்று கேட்டார்கள். வெளியே விடும் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், குழியில் இறைத்து நிலத்தடி மட்டத்தைக் கீழே இழுத்துவிட்டால் சதுப்பு காய்ந்துபோகும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் முன் தண்ணீர் வற்றினால் அந்த வருஷத்துத் தவளைக் குஞ்சுகள் அத்தனையும் போய்விடும். மண்ணுக்குள் நீர் ஓடும் வேகம் மட்டத்தின் சரிவையும் மண்ணின் ஊடுவிடும் தன்மையையும் பொறுத்தது என்று ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1856-லேயே காட்டிவிட்டார். களிமண்ணோடு பார்த்தால் சரளை பல்லாயிரம் மடங்குக்கும் மேல் நீரை விடும். அதனால் குழியில் இறைக்கும் இழுப்பு வெகுதூரம் எட்டும்.

சதுப்புக்கு அருகிலுள்ள பகுதியில் இறைப்பதையே நிறுத்தச் சொன்னார்கள். நீண்ட கை வைத்த பொக்லைனால் தண்ணீருக்கு அடியிலேயே தோண்டி, சரளையைக் குழி ஓரத்தில் குவித்து, வடியும் தண்ணீர் திரும்பக் குழிக்கே போகும்படி செய்தோம். உற்பத்தி கொஞ்சம் மெதுவானது உண்மைதான். அதற்காக இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இறைக்காவிட்டாலும் ஒரு சிக்கல் உண்டு என்பதையும் அவர்கள்தான் எடுத்துச் சொன்னார்கள். நிலத்தடி நீர்மட்டம் இயல்பில் சரிந்து கிடக்கும். குழியில் தேங்கும் நீரோ சமமாக நிற்கும். அதனால் நீர் வரும் பக்கத்தில் மட்டம் இறங்கும், போகும் பக்கத்தில் ஏறும். எங்கள் சதுப்பு வரும் பக்கத்தில் இருக்கிறது. ஆகவே நடுவில் தோண்டாத ஒரு பட்டையை விட்டு, அதில் ஊட்டு வாய்க்கால் வெட்டி, தெளிந்த நீரை மண்ணுக்குள் இறங்க விடுகிறோம்.

படிவுக் குட்டை வேலையும் தரமானது. இருந்த குட்டையை ஆழப்படுத்தினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். துகள் படியும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இது 1851-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் தந்த விதி. அசையாத நீரில் 10 மைக்ரான் (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வண்டல் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 3 மணி நேரமாகும். 1 மைக்ரான் களிமண்ணுக்குச் சுமார் 13 நாள். இங்கே உதவுவது ஆழத்தைவிடப் பரப்புதான். குட்டையை நீளமாக்கி, குறுக்கே தடுப்புத் திரை போட்டு, மிதக்கும் உறிஞ்சு குழாயால் மேல்நீரை மட்டும் எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி சரளை கழுவவே திரும்பிப் போகிறது. எவ்வளவு நேரம் விட்டாலும் படியாத களிமண்ணுக்கு மட்டும், துகள்களை ஒன்றுசேர்க்கும் திரட்டு மருந்து. எங்கள் தண்ணீரையே கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி, வெவ்வேறு அளவு கலந்து, எதில் துகள் திரண்டு இறங்குகிறது என்று என் கண்முன்னே காட்டினார்கள். இந்த மருந்தில் நேர்மின்னேற்ற பாலிமர் வகை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கொல்லும். அதை உள்ளேயே விடாமல் எதிர்மின்னேற்ற வகையைத்தான் எடுத்தார்கள். டீசல் நிரப்பும் மேடை, எண்ணெய்த் தொட்டிக்குத் தடுப்புச் சுவர் எல்லாம் வழக்கம்போல் முறையாகச் செய்திருக்கிறார்கள்.

இனி குறைகள். நீர்மட்டம் பார்க்க மண்ணுக்குள் இறக்கிய கண்காணிப்புக் குழாய்களில் அவர்கள் வைத்த பதிவுக் கருவி, நீர் அழுத்தத்தோடு காற்றழுத்தத்தையும் சேர்த்தே அளக்கும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) மாறினால், கருவியில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீர் மாறியதுபோல் தெரியும். காற்றழுத்தத்தைக் கழிக்காமலேயே முதல் அறிக்கையை அனுப்பிவிட்டார்கள். புயலுக்கு முன் அழுத்தம் இறங்கியபோது சதுப்பின் மட்டமே இறங்கியதுபோல் வரைபடம் காட்டியது. அந்தச் சமயத்தில் நான் நாடா விட்டுக் கையால் எடுத்த அளவில் அசைவே இல்லை. சொன்னதும் திருத்தினார்கள், ஆனாலும் இது அடிப்படைப் பாடம். இன்னொன்று, ஊட்டு வாய்க்காலின் அடியில் மெல்லிய வண்டல் படிந்து நீர் இறங்குவதே நின்றுபோனது. யார் சுரண்டுவது, எப்போது சுரண்டுவது என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. கடைசியில் எங்கள் ஆட்களே இறங்கி, அடியிலிருந்த வழவழப்பான சாம்பல் நிறப் படலத்தை வழித்து எடுத்தார்கள். எடுத்ததும் நீர் இறங்கத் தொடங்கியது. அறிக்கை மாதம் ஒருமுறை வருவதும் போதாது. இறைக்கும் குழியில் மட்டம் சில நாளிலேயே சரிந்துவிடும்.

நிலத்தடி மட்டத்துக்கு மேலேயே தோண்டி முடிக்கிறவர்களுக்கு இவ்வளவு பெரிய சேவை தேவைப்படாது. நல்ல படிவுக் குட்டையும் மழைநீரைத் திருப்பிவிடும் கரையும் போதும். குழி நீரைத் தொடுகிறது, பக்கத்தில் சதுப்பும் இருக்கிறது என்றால் தயங்காமல் இப்படிப்பட்டவர்களை அழையுங்கள். தோண்டத் தொடங்கும் முன்பே அழைப்பது முக்கியம். சதுப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் முன்கூட்டியே பதிவாகியிருந்தால்தான் பிறகு எது நம்மால் வந்தது என்று தெரியும்.

நாங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம், மூன்று நிபந்தனைகளோடு. கருவியின் மூலத் தரவு எங்களுக்கு அப்படியே வர வேண்டும். ஊட்டு வாய்க்காலைச் சுத்தம் செய்வது அவர்கள் பொறுப்பு. சதுப்புக் குழாயில் மட்டம் குறித்த கோட்டுக்குக் கீழே போனால், யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் பம்ப் ஆபரேட்டரே மோட்டாரை நிறுத்தலாம்.