ஒன்பது நாளும் ஒரு றப்பர் சில்லும்

கலியாணம், கோயில், காணி அலுவல் எல்லாம் ஒழுங்காக முடிந்தன, அவற்றை விடுவோம். நோர்வேயிலிருந்து ஊருக்கு வந்த மூன்று கிழமை லீவில் ஒன்பது நாளை, போட் எஞ்சினுக்குள் இருக்கிற, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு றப்பர் சில்லு தின்றுவிட்டது. அந்த வயிற்றெரிச்சலைக் கொட்டாவிட்டால் பேர்கனில் எனக்கு நித்திரை வராது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வடகரையில் இருக்கிற மயிலிட்டி; மயிலிட்டிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. 1990 இல் சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடிய துறைமுகம் 2017 இல்தான் ஆமியிடமிருந்து திரும்பக் கிடைத்தது. அப்பாவோடு தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) பிடித்த கடல். ஆடிச் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, தரைப் பக்கமிருந்து வீசுவதால் கரையோரம் குளம்போலக் கிடந்தது. மச்சானிடம் 18 அடி பைபர் போட், 15 குதிரை எஞ்சின். விடியப் போய் நாலு விளைமீனோடு வெயிலுக்கு முதல் திரும்புவது, அவ்வளவுதான் ஆசை.

எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. பின்னால் தண்ணீர்தான் பீச்சவில்லை.

"அது சில நேரம் அப்பிடித்தான் மச்சான், ஓட ஓட வரும்."

வராது. கடல் தண்ணீர் மேலே ஏறாவிட்டால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். நிற்பாட்டச் சொன்னேன். ஆழமில்லாத இடத்தில் மணலைக் கிளறிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பண்ணியே, தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்புக்குள் இருக்கிற றப்பர் சில்லைத் தேய்த்திருக்கிறான் மச்சான். ஏன் பராமரிப்பதில்லை என்று கேட்டால், 2022 ஆகஸ்டில் எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்த கதையைத் தொடங்குவான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மெக்கானிக் அன்று பின்னேரமே வந்தார். எஞ்சினின் கீழ்ப் பாதியைக் கழற்றினார், சாக்கில் சுற்றினார், மோட்டார் சைக்கிளில் கட்டினார். "நாளைக்கு வாறன் அண்ணை." அந்த நாளை வரவேயில்லை. காலில்லாத எஞ்சினோடு போட் கரையில் கிடந்தது. எட்டத்தில், எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் உக்கிக்கொண்டிருந்தன. எங்களுடையதும் அந்த வரிசையில் சேரப்போகிறது என்று மச்சானுக்குப் பகிடி.

நாலாம் நாள் போன் எடுத்தேன். "வழியில நிக்கிறன் அண்ணை." பின்னால் நாதஸ்வரம் கேட்டது. ஆறாம் நாள் போன் ஓஃப். பேர்கனில் என்றால் சாமானுக்கு ஓடர் போட்டால் எங்கே வருகிறதென்று மணிக்கொருதரம் தகவல் வரும் என்று வீட்டில் எல்லாரிடமும் புலம்பினேன். மே மாதத்தில் அங்கேயும் போட் பட்டறையில் மூன்று கிழமை வரிசையில் நின்றதைச் சொல்லவில்லை. அதை ஏன் சொல்லுவான்?

ஒன்பதாம் நாள் காலை ஐந்தரைக்கு வாசலில் ஹோர்ன். சொல்லாமல் கொள்ளாமல் அவர். பழைய சில்லை என் கையில் வைத்தார். "எண்ணுங்கோ அண்ணை." ஆறு இதழில் நாலுதான் இருந்தன.

"மற்ற ரெண்டும் மேல போயிருக்கு. அதை எடுக்காமல் புதுசு போட்டால் திரும்ப அடைக்கும்."

கம்பியால் குழாய்களைத் துழாவினார். ஒரு துண்டு உடனே வந்தது. மற்றதற்காக மூடியைக் கழற்றி, டோர்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தேடி, நகத்தளவு றப்பரை எடுத்துக் காட்டினார். புதுச் சில்லுக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, தண்டைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே இறக்கியதைப் பார்க்க வேண்டும்! பேர்கன் பட்டறையில் எனக்கு இப்படி ஒருவரும் எதையும் காட்டியதில்லை, பில்லைத் தவிர.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் இரண்டு தரம் பிழையான அளவு வந்ததாம். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னால் நீங்கள் ஏசுவியள் எண்டு பயம் அண்ணை."

ஏசியிருப்பேன்தான். கூலி இரண்டாயிரம் கேட்டார்; கூடக் கொடுத்தேன், மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

அன்றே இறங்கினோம். விளைமீன் மூன்று, ஒரு சின்னப் பாரை. திரும்பியதும், பேர்கன் பழக்கத்தில், உப்புக் கழுவ வேண்டுமென்று எஞ்சினைப் பீப்பாவில் நிறுத்தி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். மாமி குசினியிலிருந்து வந்து பார்த்தார்.

"ஆடி வெயிலுக்குக் கிணறு அடியில கிடக்கு. மனுசர் அள்ளிக் குளிக்க வழியில்லை, நீர் எஞ்சினைக் குளிப்பாட்டுறீரோ தம்பி?"