பித்தியாவை நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்: துகள் உற்பத்தி மாதிரிகளை எங்கே நம்பலாம், எங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்

இரண்டு புரோட்டான்கள் மோதும்போது எத்தனை பையான், எத்தனை கேயான் (இரண்டும் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்குவார்க்கும் சேர்ந்த லேசான துகள்கள்), எந்தத் திசையில், எவ்வளவு உந்தத்தோடு வரும்? குவார்க்குகளைப் பிணைக்கும் வலு விசையின் அடிப்படைக் கோட்பாடான குவாண்டம் குரோமோடைனமிக்ஸ் கையில் இருந்தும் இதற்கு நேரடியாக விடை எடுக்க முடியாது. அதிக உந்தப் பரிமாற்றம் உள்ள மோதல்களில் தோராயக் கணக்கு அழகாக வேலை செய்கிறது. உந்தம் ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இறங்கியதும் பிணைப்பு வலுத்து, அந்தக் கணக்கு கைவிட்டுவிடுகிறது. மோதலில் பிறக்கும் துகள்களில் பெரும்பான்மை பிறப்பது அங்கேதான். அந்த இடைவெளியை மாதிரிகளைக் கொண்டுதான் நிரப்புகிறோம். பித்தியா அப்படிப்பட்ட மாதிரிகளை வைத்து மோதல்களைக் கணினியில் உருவாக்கும் நிரல். ஃபோர்ட்ரான் காலத்து பித்தியா 6-இல் தொடங்கி, சி++ மொழியில் எழுதப்பட்ட பித்தியா 8-க்கு மாறி, இன்றுவரை அதையே அதிகம் பயன்படுத்துகிறேன். அதே வேலையைச் செய்யும் வேறு நிரல்களான ஹெர்விக், ஈபாஸ் இரண்டையும் ஒப்பிடுவதற்காக ஓட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பித்தியாவை நிறுவுவது எளிது, வெளி நூலகம் எதுவும் கட்டாயமில்லை, கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. ஆவணங்களை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வோர் அமைப்புக்கும் பின்னால் இருக்கும் இயற்பியலையும், எந்த இடத்தில் ஊகம் நுழைகிறது என்பதையும் எழுதியவர்களே சொல்லிவிடுகிறார்கள். 2006-இல் வந்த பித்தியா 6.4 கையேடு 500 பக்கங்களைத் தாண்டும். நிரல் பழசாகிவிட்டாலும் அதன் இயற்பியல் அத்தியாயங்களை இப்போதும் எடுத்துப் படிக்கிறேன்.

இதன் உயிர்நாடி லுண்ட் இழை மாதிரி. விலகி ஓடும் குவார்க்குக்கும் எதிர்குவார்க்குக்கும் நடுவே வண்ணப் புலம் (வலு விசையின் புலம்) மெல்லிய குழாயாகச் சுருங்குகிறது. ரப்பர் பேண்டை இழுத்தால் விசை கூடிக்கொண்டே போகும். இங்கே அப்படியில்லை, எவ்வளவு நீண்டாலும் இழுவிசை மாறாமல் ஃபெம்டோமீட்டருக்கு சுமார் ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டாகவே நிற்கிறது. சேர்ந்த ஆற்றலில் புதிய குவார்க் இணைகள் குவாண்டம் ஊடுருவலால் பிறந்து இழை அறுகிறது. நிறை கூடக்கூட அந்த ஊடுருவலின் வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. அதனால்தான் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் குறைவாகப் பிறக்கிறது, சார்ம் குவார்க் இழையிலிருந்து அநேகமாகப் பிறப்பதே இல்லை. மொனாஷ் 2013 டியூனில் (தரவுக்குப் பொருந்துமாறு தேர்ந்த அளபுருத் தொகுப்பில்) அப் குவார்க் ஒன்றுக்கு ஸ்ட்ரேஞ்ச் 0.217 என்று வைத்திருக்கிறார்கள். இந்த எண்ணுக்குப் பெரும்பாலும் ஆதாரம் எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல் தரவுகள். அங்கே இழை தனியாக இருக்கும், குழப்பம் குறைவு. அங்கே பொருத்திய எண்ணை அப்படியே எடுத்துவந்து புரோட்டான் மோதலிலும் போடுகிறோம். இழை எங்கே பிறந்தாலும் ஒரே மாதிரிதான் அறும் என்ற நம்பிக்கை இது. மாதிரியின் மிகத் துணிச்சலான பகுதியும், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே.

அடுத்தது பல்பகுதி மோதல். குறைந்த உந்தத்தில் பார்ட்டான் (புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க், குளுவான்) மோதலின் குறுக்குவெட்டை, அதாவது மோதல் நிகழும் வாய்ப்பின் அளவைக் கணக்கிட்டால், அது புரோட்டான்–புரோட்டான் மோதலின் மொத்தக் குறுக்குவெட்டையே மிஞ்சிவிடும். ஒரே மோதலுக்குள் பல பார்ட்டான் இணைகள் மோதுகின்றன என்று எடுத்துக்கொண்டால் முரண் தீர்கிறது. 1987-இல் சியோஸ்ட்ராண்ட், வான் ஜில் இருவரும் இதை முறையாக மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். சிறு உந்தத்தில் கணக்கு வெடித்துவிடாமல் இருக்க ஒரு தணிப்பு அளபுரு உண்டு. மொனாஷில் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அது 2.28 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். மோதல் ஆற்றலோடு 0.215 அடுக்கில் வளர்கிறது. துகள் எண்ணிக்கையைத் தூக்குவதும் தாழ்த்துவதும் பெரும்பாலும் இந்த ஒன்றுதான். இதைத் தொட்டால் அடிப்படை நிகழ்வு (முக்கிய மோதலோடு கூடவே வரும் மற்றத் துகள்கள்), எண்ணிக்கைப் பரவல், ஜெட்டுகள் எனப்படும் துகள் கற்றைகளின் அடியில் கிடக்கும் ஆற்றல் எல்லாமே நகரும். ஒரு வரைபடம் பொருந்த வேண்டும் என்பதற்காக இதைத் திருகுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

துகள்கள் கூடும்போது சராசரிக் குறுக்கு உந்தமும் (மோதும் கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) கூடுகிறது என்பது தரவில் தெளிவாகத் தெரியும். பல்பகுதி மோதல்களைத் தனித்தனியாகக் கூட்டினால் அந்த ஏற்றம் வராது. இழைகள் ஒன்றையொன்று அறிந்து தங்கள் இணைப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். வண்ண மறுஇணைப்பு என்ற பகுதி அதற்குத்தான். நிரலில் அதை அணைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் கோடு தட்டையாகக் கிடப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

மாதிரி எங்கே தடுமாறுகிறது? 2010-இல் செர்ன் மோதுவியின் ஆலிஸ் ஆய்வுக்குழு, நடுப்பகுதியில் பிறக்கும் மின்னூட்டத் துகள்களின் அடர்த்தி 0.9-இலிருந்து 7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் போகும்போது சுமார் 57.6 சதவீதம் உயர்கிறது என்று அளந்தது. அன்றைய மாதிரிகள் இதைவிடக் குறைவாகவே எதிர்பார்த்திருந்தன. அதைப் பெரிய தோல்வியாக நான் எண்ணவில்லை. அளபுருக்களை மாற்றிப் பொருத்திவிடலாம், பொருத்தியும் விட்டார்கள்.

2017-இல் வந்த முடிவு வேறு ரகம். 7 டெரா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் மோதலில் துகள் எண்ணிக்கை கூடக்கூட, ஸ்ட்ரேஞ்ச் குவார்க் கொண்ட லாம்டா, ஸை, ஒமேகா துகள்களின், பையானோடு ஒப்பிட்ட பங்கும் ஏறுகிறது என்று ஆலிஸ் காட்டியது. ஸ்ட்ரேஞ்ச் குவார்க் அதிகமுள்ள ஒமேகாவில் ஏற்றம் மிகச் செங்குத்து. பித்தியாவின் இயல்பான அமைப்பில் அந்தக் கோடு ஏறக்குறைய படுத்தே கிடந்தது. எந்த அளபுருவைத் திருகினாலும் கோடு முழுவதுமாக மேலேயோ கீழேயோ போகுமே தவிர, சாய்வு வராது. ஓர் இழை பக்கத்து இழையைப் பொருட்படுத்தாமல் அறுகிறது என்ற அடிப்படையையே அந்தத் தரவு கேள்வி கேட்டது. எலக்ட்ரான்–பாசிட்ரான் தரவில் எண்களைப் பூட்டி வைத்திருந்ததால்தான் இது இத்தனை பளிச்சென்று தெரிந்தது. சூழலுக்கு ஏற்ப எல்லாவற்றையும் நெகிழவிட்டிருந்தால் இந்தச் செய்தி அளபுருக்களுக்குள் புதைந்து போயிருக்கும்.

மேற்பொருந்தும் இழைகள் சேர்ந்து கயிறாகி இழுவிசை கூடுகிறது, அதனால் ஸ்ட்ரேஞ்ச் குவார்க் எளிதாகப் பிறக்கிறது என்பது லுண்ட் குழுவின் விடை. இந்தக் கயிறு மாதிரி இப்போது பித்தியாவிலேயே இருக்கிறது, நாமாக இயக்க வேண்டும். சார்ம் குவார்க் கொண்ட லாம்டா-சி துகளுக்கும் டி-மீசானுக்கும் உள்ள விகிதம், புரோட்டான் மோதலில் குறைந்த உந்தத்தில், எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதலைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தபோது, 2015-இல் முன்மொழியப்பட்ட புதிய வண்ண மறுஇணைப்பு முறை அதற்கு நெருங்கி வந்தது. அந்தத் தரவுக்காக உருவாக்கப்படாத மாதிரி இவ்வளவு தூரம் வந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஈபாஸ் வேறு வழியில் போகிறது. அடர்ந்த நடுப்பகுதியைப் பாய்மமாகவும் விளிம்பைத் தனி இழைகளாகவும் பிரிப்பதால் ஸ்ட்ரேஞ்ச் ஏற்றமும் கூட்டுப் பாய்வும் (துகள்கள் ஒன்றுசேர்ந்து பாய்மம்போல நகர்வது) ஒரே மூச்சில் கிடைக்கின்றன. விண்கதிர்ப் பொழிவு ஆய்வாளர்கள் அதை விரும்புவதில் வியப்பில்லை. அரிய, கடின மோதல்களைப் பொறுக்கி உருவாக்க வேண்டுமென்றால் பித்தியாவே வசதி. ஹெர்விக் இழைக்குப் பதில் கொத்து மாதிரியை வைத்திருக்கிறது; ஹேட்ரானாக்கத்துக்கு (குவார்க்குகள் துகள்களாகத் திரள்வதற்கு) அளபுருக்கள் குறைவு. பித்தியாவுக்கும் ஹெர்விக்குக்கும் உள்ள வேறுபாட்டையே பிழைவரம்பாகப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே அனுமானத்தைப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் ஒத்துப்போவதால் எதுவும் உறுதியாகிவிடாது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. சீரற்ற எண் வரிசையைத் தொடங்கும் விதை எண் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் 19780503 என்ற அதே விதையில்தான் தொடங்கும். நூறு கணினிகளில் பிரித்து ஓட்டினால் நூறிலும் அதே நிகழ்வுகள் வந்து, புள்ளியியல் பிழை பொய்யாகச் சுருங்கும். இயல்பான அமைப்பில் லாம்டாவும் குறுவாழ்வுக் கேயானும் நிரலுக்குள்ளேயே சிதைந்துவிடும். அவற்றை எண்ண வேண்டுமென்றால் ஆயுள் வரம்பை (ஆயுளை ஒளிவேகத்தால் பெருக்கிய நீளம்) 10 மில்லிமீட்டருக்கு அமைக்க வேண்டும். ஆய்வுக்குழு எதை முதன்மைத் துகள் என்கிறதோ அதே வரையறை நம் பக்கமும் இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். ஆய்வுக்குழுக்களின் பகுப்பாய்வை நிரலின் நிகழ்வுகள்மீது ஓட்டும் ரிவெட் என்ற கருவி வழியாக ஒப்பிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீரும். கடின மோதல்களை மட்டும் இயக்கும்போது குறைந்தபட்ச உந்த வரம்பு கட்டாயம், இல்லாவிட்டால் குறுக்குவெட்டு எல்லை மீறும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரம் எந்த அளபுருவையும் தொட வேண்டாம். மொனாஷை அப்படியே ஓட்டுங்கள். பிறகு பல்பகுதி மோதலை அணைத்து, அடுத்து வண்ண மறுஇணைப்பை மட்டும் அணைத்து, கடைசியாகக் கயிறு மாதிரியை இயக்கி, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கைப் பரவல், சராசரிக் குறுக்கு உந்தம், லாம்டா–கேயான் விகிதம் மூன்றையும் ஒரே தாளில் வரையுங்கள். எந்த இயற்பியல் எந்த வளைவை நகர்த்துகிறது என்று அப்போது தெரியும். டியூன் செய்வதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.