கார் அலாரத்துக்கு ஒயர் தேடுதல்: நிறப் பட்டியலா, டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா, கப்ளரா?

காருடன் வராமல் வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரத்தில், பெட்டியையும் சைரனையும் மாட்டுவது சிறிய வேலைதான். நேரமெல்லாம் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஒயர்க் கட்டில் சரியான இழையைக் கண்டுபிடிப்பதிலேயே போகிறது. எப்போதும் 12 வோல்ட் இருக்கும் பேட்டரி லைன், சாவியைத் திருப்பினால் மட்டும் சப்ளை வரும் இக்னிஷன் லைன், நல்ல எர்த், இடது வலது இண்டிகேட்டர், கதவு சுவிட்ச், சென்ட்ரல் லாக்கிங்கில் பூட்டவும் திறக்கவும் உள்ள இரண்டு ஒயர்கள் ஆகியவை தேவை. வண்டியைக் கிளப்ப விடாமல் தடுக்கும் ரிலேயும் போடுவதென்றால் ஸ்டார்ட்டர் ஒயரும் வேண்டும். இவற்றைத் தேட நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரத்தவை அல்ல.

நிறப் பட்டியலை நம்பி வேலை செய்பவர்களே அதிகம். அது வேகமானது, செலவும் இல்லை. ஆனால் நிறத்துக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான இலக்கணம் கிடையாது. ஜெர்மானிய வண்டிகளில் பழுப்பு ஒயர் என்றால் எர்த்; லூகாஸ் நிறுவனத்தின் முறையில் ஒயரிங் செய்த பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலோ அதே பழுப்புதான் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன். ஜப்பானிய வண்டிகளில் எர்த் பெரும்பாலும் கறுப்பு. ஒரே மாடலில்கூட ஆண்டும் வேரியன்ட்டும் மாறினால் நிறம் மாறக்கூடும். ஆகவே எந்தக் கப்ளரில் (ஒயர்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் இணைப்பில்) தேட வேண்டும் என்பதைச் சொல்லும் அளவுக்கு மட்டும் பட்டியலை நம்பலாம். அதை மட்டும் பார்த்து ஒயரை வெட்டுவது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

உண்மையான போட்டி டெஸ்ட் லேம்புக்கும், வோல்ட்டைத் திரையில் எண்ணாகக் காட்டும் மல்டிமீட்டருக்கும் இடையில்தான். லேம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை ஒயரில் வைத்தால் எரிகிறதா இல்லையா என்பது உடனே தெரிந்துவிடும். திரையைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் 3 வாட் பல்பு கால் ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் இழுக்கும். மல்டிமீட்டரின் உள் தடை வழக்கமாக 10 மெகா ஓம் என்பதால், அது இழுப்பது ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். எஞ்சின் கம்ப்யூட்டருக்கோ சென்சாருக்கோ போகும் மெல்லிய ஒயரில் தெரியாமல் லேம்பின் முனை பட்டால் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெட வாய்ப்புண்டு. மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ளது ஏர்பேக் ஒயர். அதை லேம்பாலும் தொடக்கூடாது, மீட்டராலும் தொடக்கூடாது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இக்னிஷன் சுவிட்சில்தான் நன்றாக விளங்கும். ரேடியோ போன்றவற்றுக்குப் போகும் ஆக்சசரி லைனிலும் இக்னிஷன் லைனிலும் சாவி ஆன் நிலையில் 12 வோல்ட் இருக்கும். லேம்பும் இரண்டிலும் ஒரேபோல் எரியும். மீட்டரை வைத்துக்கொண்டு சாவியை ஸ்டார்ட் வரை திருப்பினால், ஆக்சசரி லைனில் 12.4 என்றிருந்த எண் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். இக்னிஷன் லைனில் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கி, எஞ்சின் பிடித்ததும் 14ஐ நெருங்கும். லேம்பும் அந்த நேரத்தில் ஆக்சசரி லைனில் அணையும் என்பது உண்மைதான். ஆனால் மங்கியதா அணைந்ததா என்று டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தபடி கண்ணால் தீர்மானிப்பது எளிதல்ல. தவறிப்போய் ஆக்சசரி லைனில் அலாரத்தை இணைத்துவிட்டால், ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் சாவி எடுக்கப்பட்டுவிட்டதாக அலாரம் எண்ணிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் ஒயரில் ஸ்டார்ட் நிலையில் மட்டுமே வோல்ட் வரும் என்பதால் அதில் குழப்பமில்லை.

கதவு சுவிட்ச் ஒயர் இன்னும் நுட்பமானது. பெரும்பாலான ஜப்பானிய, கொரிய வண்டிகளில் கதவைத் திறந்தால் அந்த ஒயர் எர்த்தாகும். மூடியிருக்கும்போது 12 அல்லது 5 வோல்ட் காட்டும். மீட்டரில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். எர்த்தில் கிளிப் மாட்டிய லேம்பை மூடிய கதவின் ஒயரில் வைத்தால் பல வண்டிகளில் பல்பு எரியாது; மாறாக, பல்பு வழியாக ஒயர் எர்த்தாகி, கதவு திறந்ததாக வண்டி நினைத்து உள் விளக்கைப் போட்டுவிடும். விவரம் தெரிந்தவருக்கு இதுவே ஒரு குறிப்பு. தெரியாதவர் செத்த ஒயர் என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். ஒவ்வொரு கதவுக்கும் தனி ஒயர் வரும் வண்டிகளில் அவற்றை நேரடியாக ஒன்றாக முறுக்கிவிடாமல், ஒவ்வொன்றிலும் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 போன்ற ஒரு டயோடு போட்டே அலாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவு இருந்தும் லேம்பைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். பச்சை பிடித்து ஒரே ஓர் இழையில் தொங்கும் ஒயரிலும் மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். எங்கும் இணையாத ஒயரில்கூடச் சில சமயம் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். லோடு ஏற்றிப் பார்க்கும் லேம்பு அந்த ஒயரில் மங்கி உண்மையைச் சொல்லிவிடும். சைரனுக்கான பேட்டரி லைனையும் எர்த்தையும் கண்டுபிடித்த பிறகு, இறுதியாக லேம்பால் ஒருமுறை சோதிப்பது நல்லது. எர்த்தைச் சோதிக்கும்போது கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில் இருக்க வேண்டும். ஓம் நிலையில் வைத்த மீட்டரைக் கரண்ட் ஓடும் ஒயரில் வைப்பது லேம்பைவிடப் பெரிய தவறு. எந்தக் கருவியாக இருந்தாலும் ஒயரின் தோலில் குத்துவதைவிடக் கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைப்பதே மேல். குத்திய ஓட்டை வழியாக ஈரம் இறங்கும்.

நான்காவது வழி, வண்டியின் கப்ளரோடு நேராகக் கப்ளர் மாட்டும் அலார செட். அதில் தேடலே இல்லை. ஒயரையும் வெட்ட வேண்டாம். வாரன்டி முடியாத வண்டிக்கு, விலை கூடினாலும், இதையே எடுப்பேன். அடிப்படை வேரியன்ட்டில் சென்ட்ரல் லாக்கிங்குக்கான பின்கள் கப்ளரில் காலியாக இருக்கலாம். அப்போது மறுபடியும் மீட்டரிடம்தான் வர வேண்டியிருக்கும்.

கதவு, பூட்டு, இண்டிகேட்டர் ஆகிய எல்லாச் செய்தியும் கேன் பஸ் என்னும் இரட்டை முறுக்கு ஒயரில் போகும் புதிய வண்டிகளில் மேற்சொன்ன தேடல் பலவற்றுக்குப் பொருந்தாது. அந்த இரு ஒயர்களிலும் மீட்டர் 2.5 வோல்ட்டை ஒட்டியே காட்டும். அதைக் கொண்டு ஒயரை அடையாளம் காணலாமே தவிர, எந்தக் கதவு திறந்தது என்று அறிய முடியாது. அந்த மொழியைப் படிக்கும் கேன் மாட்யூல் உள்ள அலாரமே அங்கே வேலை செய்யும். வாங்கும்போது அதன் பட்டியலில் மாடல் பெயர் மட்டுமல்லாமல் வண்டி தயாரான ஆண்டும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.