கார் குடுக்க முதல் நம்பரை எடுங்கோ – எனக்கு 1,450 பவுண் போச்சு

இங்கிலாந்தில பிரைவேட் நம்பர் (விருப்பப்படி காசு குடுத்து வாங்கிற கார் நம்பர்) வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ. இண்டைக்குத்தான் விசயம் தெரிஞ்சது, கை நடுங்க நடுங்க எழுதுறன்.

2017 இல மகள் பிறந்தவுடன அவளின்ட முதலெழுத்து வாற மாதிரி ஒரு நம்பர் 1,450 பவுண் குடுத்து வாங்கினனான். நைட் ஷிஃப்ட் அடிச்சுச் சேர்த்த காசு. மூண்டு கிழமைக்கு முதல் பழைய காரை ஒரு செகண்ட்ஹாண்ட் கார் யார்டில பார்ட் எக்ஸ்சேஞ்சுக்கு (பழைய காரின்ட பெறுமதியை வாங்கிற காரின்ட விலையில கழிக்கிறது) குடுத்தன். "தம்பி, நம்பர் எனக்கு வேணும்" எண்டு ரெண்டு தரம் சொன்னனான். எங்கட பெடியன்தான், தேத்தண்ணி தந்து "அண்ணை, பேப்பர் வேலை நாங்கள் பாப்பம், நீங்கள் லொக்புக்கைத் தந்திட்டுப் போங்கோ" எண்டான் (லொக்புக் எண்டா காரின்ட பதிவுப் பத்திரம்), வாகனங்களைப் பதியிற அரசாங்க நிறுவனமான டிவிஎல்ஏக்குக் கட்ட எண்டு 80 பவுணும் கையில வாங்கினவன். ரசீது கேக்கேல்லை. பிளேட் ரெண்டையும் கழட்டி, ஊத்தையைத் துடைச்சு, பேப்பரில சுத்தி என்ர கையில தந்தான், அதோட நம்பர் வந்திட்டுது எண்டு நம்பீட்டன். அது வெறும் பிளாஸ்டிக்! உரிமை கிடக்கிறது டிவிஎல்ஏ பதிவில.

பிறகு போன் அடிச்சா மனேஜர் லீவாம். அடுத்த கிழமை டிவிஎல்ஏயில லேட்டாம். வாட்ஸ்அப்பில நீல டிக் விழுது, பதில் இல்லை. இண்டைக்கு நேர போய் நிண்டா, "கார் வித்தாச்சு, நம்பர் காரோட போட்டுது, நீங்களெல்லோ முதலே எடுத்திருக்கோணும்" எண்டுறான். அந்த 80 பவுணைக் கேட்டா தான் வாங்கேல்லையாம்! டிவிஎல்ஏக்கு அடிச்சுக் கேட்டா, கார் கைமாறினா நம்பரின்ட உரிமையும் போட்டுதாம். 1,450 பவுண், எட்டு வருசத்துக்கு மேல வைச்சிருந்த நம்பர், இப்ப ஆரோ ஓடித்திரியினம்.

நீங்களாவது கவனமா இருங்கோ. காரை விக்க முதல் நீங்களே ஒன்லைனில நம்பரைக் கழட்டுங்கோ, லொக்புக்கில இருக்கிற 11 இலக்க ரெஃபரன்ஸும் 80 பவுணும் போதும், தபாலில எண்டா வி317 ஃபோர்ம். நம்பரின்ட உரிமையைக் காட்டுற வி778 எண்ட பேப்பர் உங்கட பேரில வரும், 10 வருசம் செல்லும். காருக்கு வேற நம்பரோட புது லொக்புக் கையில வரும்வரைக்கும் காரைக் குடுக்காதேங்கோ. ஸ்கிராப்புக்குக் குடுத்தாலும் இதேதான், அடிபட்டு, திருத்திப் பிரயோசனமில்லை எண்டு இன்சூரன்ஸ்காரர் ரைட்டோஃப் பண்ணினா காசு வாங்கிக் காரைக் குடுக்க முதல் நம்பர் உங்களுக்கு வேணும் எண்டு அவைக்குச் சொல்லுங்கோ. ரசீது இல்லாமல் ஒரு பென்ஸும் குடுக்காதேங்கோ.

இதே மாதிரி ஏமாந்து ஸ்மோல் கிளெய்ம்ஸுக்கு (சின்னத் தொகைக்கு வழக்குப் போடுற கோர்ட்) போன ஆக்கள் இருந்தா எழுதுங்கோ. என்னட்ட இருக்கிறது அந்த வாட்ஸ்அப் மெசேஜுகள் மட்டும்தான்.