நாய்க்குட்டியின் பாதப் புண்: கட்டுப் போடுவதா, கழுவித் திறந்து விடுவதா?

மூன்று நான்கு மாதக் குட்டி ஒன்று காலைத் தூக்கிக்கொண்டு நொண்டத் தொடங்கினால், பாளையங்கோட்டைத் தெருக்களில் உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். துணியைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது ஒன்று. உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுச் சும்மா விட வேண்டும் என்பது மற்றொன்று. எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக் குட்டிக்குச் சித்திரை வெயிலில் பாதத் தோல் உரிந்தபோது இரண்டையும் செய்து பார்த்து, இரண்டாவது வழிக்கே வந்து சேர்ந்தோம். ஆகையால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். இங்கே பேசப்படுவது சிராய்ப்பு, தார்ச்சாலைச் சூட்டுக் காயம், முள் எடுத்த புண் ஆகியவை மட்டுமே.

எந்த வழியானாலும் முதலில் பாதத்தைப் பார்த்தாக வேண்டும். குட்டியை மடியில் மல்லாத்திக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பாத மெத்தைகளுக்கு நடுவே உள்ள மடிப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நெருஞ்சி முள் மேலேயே தெரியும். உடைமர முள்ளோ உள்ளே ஒடிந்து நின்றுகொண்டு, வெளியே ஒரு கரும்புள்ளியை மட்டுமே காட்டும். விரலிடுக்கில் உண்ணி கடித்துக்கொண்டிருந்தாலும் குட்டி நொண்டும். நான்கு பாதங்களும் சுத்தமாக இருந்தால் வலி மேலே, எலும்பிலோ மூட்டிலோ இருக்கிறது என்று பொருள். அப்போது இந்த இரண்டு வழிகளுக்கும் வேலையில்லை.

கட்டுப் போடுவதற்கு நியாயம் இல்லாமலில்லை. கண்ணாடிச் சில்லு கிழித்து இரத்தம் ஒழுகினால், சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போவதே முறை. தையல் போட்ட பாதத்துக்கும் கட்டுத்தான். மண்ணும் ஈயும் அண்டாது என்பதும் உண்மைதான்.

ஆனால் சாதாரணச் சிராய்ப்பில் முடிவைத் தீர்மானிப்பது கட்டுப் போடும் அந்த ஐந்து நிமிடம் அல்ல. போட்ட கட்டை அடுத்தடுத்த நாள்களில் யார் பராமரிப்பது என்பதுதான். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாத மெத்தைகளில் இருப்பதால், கட்டுக்குள் இருக்கும் பாதம் தானாகவே ஈரமாகிறது. அதற்கு மேல் நம் வீடுகளில் காலையில் வாசல் தெளிக்கிறோம், நடுவீட்டை ஈரத்துணியால் துடைக்கிறோம், குட்டியோ தன் மூத்திரத்தைத் தானே மிதித்துக்கொண்டு வருகிறது. ஈரம் ஏறிய கட்டு ஒரே நாளில் நாறத் தொடங்கும். உள்ளே தோல் வெளுத்து ஊறி, ஆற வேண்டிய புண் அழுகும். எனவே கட்டைத் தினமும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும், நனைந்தால் அப்போதே மாற்ற வேண்டும், விரல்களுக்கு நடுவே பஞ்சு வைக்க வேண்டும். இறுக்கமாகிவிட்டதா என்று அறிய, கட்டுக்கு வெளியே தெரியும் நடு இரண்டு நகங்களைக் கவனிக்க வேண்டும்: அவை ஒன்றைவிட்டொன்று விலகி நின்றால் உள்ளே பாதம் வீங்குகிறது, கட்டை உடனே அவிழ்க்க வேண்டும். இத்தனைக்கும் பல் முளைக்கும் பருவத்துக் குட்டி அதைக் கடித்துக் குதறாமல் இருக்கப்போவதில்லை. குதறுவதோடு நின்றால் பரவாயில்லை. விழுங்கிய துணி குடலை அடைத்தால் அறுவை சிகிச்சை வரை போகும். வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் பகல் முழுவதும் இதைக் காவல் காப்பது யார்?

“குழந்தை சாக்ஸ் ஒண்ணு மாட்டி விடுங்க அண்ணாச்சி, சரியாப் போவும்” என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்குகிறது. நொண்டும் குட்டி கால் பரப்பி விழுந்தால் பாதப் புண்ணோடு இடுப்புச் சுளுக்கும் சேரும். கடையில் விற்கும் நாய்க் காலணி, வளரும் குட்டிக்குச் சில வாரங்களில் சிறிதாகிவிடும். வளர்ந்த நாயைக் கட்டாந்தரையில் நடத்துபவர்களுக்கு அது பயன்படலாம். எங்கள் அனுபவம் ஒரு குட்டியோடு நிற்பதால் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

கழுவித் திறந்து விடும் வழியில் வேலை குறைவு, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியிருக்கிறது. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரைத்து, காலையும் மாலையும் பாதத்தை அதில் சில நிமிடம் வைத்திருந்தால் போதும். போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி போடுவதானால் வரத்தேநீர் நிறத்துக்கு நீர்க்கவைத்துத் தொட்டு, பிறகு துடைத்துவிட வேண்டும். கழுவுவதைவிட முக்கியம் துவட்டுவது: பழைய பருத்தி வேட்டித் துண்டால் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் ஒற்றி எடுக்க வேண்டும். படுக்க உலர்ந்த சாக்கு போதும் (பத்தமடைப் பாயை இதற்கு விரிக்க யாருக்கு மனம் வரும்?). நடை என்பது சூரியன் ஏறுவதற்கு முன் மட்டும்; அதிலும் புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும் வரை தாங்க முடியாவிட்டால் குட்டியை அதில் இறக்கக் கூடாது. புண் ஆறும் வரை மொட்டைமாடிப் பக்கமே விடாதீர்கள்.

இந்த வழிக்கும் ஒரு குறை உண்டு: குட்டி ஓயாமல் நக்கும். நக்க நக்கப் புண் ஈரமாகவே இருக்கும் என்பதால், கழுத்தைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைக் கழுவிய பிறகும் இரவிலும் போட்டுவிட வேண்டியிருக்கிறது. குட்டிக்கு அது பிடிக்காது. சாப்பிடும்போது கழற்றி, மறுபடி மாட்டினால் பழகிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றமெல்லாம் சேறாகும்போது வெளியே போய்வர மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகச் சுற்றி, உள்ளே வந்ததும் கழற்றிவிடுவது நல்லது.

மூன்றாவதாகச் சிலர் சொல்லும் வழி, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுப்பது. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. மனிதர்களுக்கான இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். ஒரு சிறு குட்டியின் எடைக்கு அளவு மீறுவது மிக எளிது.

காலைத் தரையில் ஊன்றவே மறுத்தாலும், வீங்கினாலும், சோறு தண்ணீரை ஒதுக்கினாலும், கழுவியும் ஓரிரு நாளில் குறையாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கு ஐந்து மாதத்துக்கு மேல், கால் மாற்றிக் கால் நொண்டும் பானோஸ்டைட்டிஸ் என்னும் எலும்பு வலி வருவதுண்டு. உண்ணி பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும். பாத மெத்தை தடித்துக் கெட்டியாவது டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயின் அடையாளமாகவும் இருக்கலாம். வெறும் சோறும் எலும்பில்லாத கறியுமாக வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு வலுவிழக்கும். அதற்குப் பயந்து பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் டானிக்கை அள்ளி ஊற்றினாலும் எலும்பு வளர்ச்சி கெடும். 2012-இல் தொடங்கப்பட்ட இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. போகும்போது குட்டி என்ன தின்கிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி முடியாத குட்டியானால் பார்வோ வைரஸ் தொற்றும் அபாயம் இருப்பதால், மருத்துவமனைத் தரையில் இறக்காமல் கையிலேயே வைத்திருங்கள்.